வெள்ளாடும் விரைவுச் சோதனையும்

சனிக்கிழமை விடியற்காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்து சமயபுரம் செல்லும் வழியில் போயிருப்பவர்கள், வண்டிகளில் ஆடுகளை ஏற்றிக்கொண்டும், கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டும் செல்லும் மக்களைக் கண்டிருப்பார்கள். அன்று அங்கே ஆட்டுச் சந்தை கூடும். சந்தைக்கு வரும் வியாபாரி ஆட்டை வாங்குமுன் என்ன செய்கிறான் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்க்கிறான். அதனால் வயது தெரிகிறது. முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்துகிறான். அதனால் சதைப்பிடிப்புத் தெரிகிறது. கண்ணிமையைக் கீழே இழுத்துச் சிவப்பா, வெளுப்பா என்று நோக்குகிறான்; குடற்புழு இரத்தத்தை உறிஞ்சியிருக்கிறதா என்பது தெரிகிறது. இத்தனைக்கும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. இதுவும் ஒரு விரைவுச் சோதனைதான். பெரும்பாலும் இது சரியாகவே இருக்கிறது. சில வேளைகளில் தவறுகிறது. தவறினால் நட்டம் வியாபாரிக்கு.

பல்லைப் பிடித்தோ முதுகைத் தடவியோ அறிய முடியாத நோய்களும் ஆட்டுக்கு உண்டு. அவற்றுள் மிக விந்தையான ஒன்றை அறிவதற்காக ஆய்வுக்கூடங்களில் அமைத்திருக்கும் விரைவுச் சோதனைகளைப் பற்றியும், அவற்றின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

நோயின் பெயர் தவறினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் அரசூர் என்று ஓர் ஊர். 1987-ஆம் ஆண்டில் அங்கே செம்மறியாடுகள் காய்ச்சலும் கழிச்சலும் வாய்ப்புண்ணுமாய் மடிந்தன. அக்காலத்தில் அத்தகைய குறிகளைக் கண்டால் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் ஆடுகளுக்கும் வந்துவிட்டது என்று எண்ணுவதே வழக்கம். இரண்டு நோய்களின் கிருமிகளும் பங்காளிகள். ஒன்றைக் கண்டு மற்றொன்று என்று மயங்குவது எளிது. அரசூர் ஆடுகளின் கிருமியை நுணுகி ஆராய்ந்தபோது, அது வெக்கை அன்று, இன்று நாம் ஆட்டுக்கொல்லி நோய் என்று வழங்கும் வேறொரு நோய் என்பது தெரிந்தது. 1989-இல் அது அச்சில் வெளிவந்தது. இந்தியாவில் அந்த நோய் இருப்பதற்கு முதற் சான்று அதுவே. வெக்கை நோயை உலகிலிருந்தே ஒழிக்க முயன்றுகொண்டிருந்த காலம் அது. ஆட்டின் நோயை வெக்கைக் கணக்கில் எழுதிக்கொண்டே போனால், ஒழிந்த நோயும் ஒழியாததாகவே தோன்றும் அல்லவா? வெக்கை ஒழிந்தது என்று 2011-இல் உலகுக்கு அறிவிக்க முடிந்ததற்கு, இரண்டையும் பிரித்தறியும் சோதனைகள் கிடைத்தது ஒரு காரணம்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குக் காரணம் வைரஸ். வைரஸுக்கென்று ஒரு மரபுப் பொருள் உண்டு. அதைத் தேடிப் பிடிக்கலாம். வைரஸ் உடலில் புகுந்தால் உடல் அதை எதிர்த்து எதிர்ப்பொருளை உண்டாக்கும். இரத்தத்தில் ஒரு துளி எடுத்து அந்த எதிர்ப்பொருளைத் தேடலாம். திருடன் வந்து போனதற்குக் காலடித் தடமும் உண்டு, நாய் குரைத்த ஓசையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்த நோயிலோ தடமும் இல்லை, குரைப்பும் இல்லை.

ஆங்கிலேய நாட்டில் செம்மறியாடுகளுக்கு வரும் ஒரு நோயைப் பற்றி 1732 முதலே குறிப்புகள் உள்ளன. நோயுற்ற ஆடு தாங்க முடியாத தினவினால் வேலியிலும் சுவரிலும் உடலைத் தேய்த்துத் தேய்த்து மயிரை உதிர்த்துக்கொள்ளும், பின்பு கால் தள்ளாடும், நாளடைவில் இறக்கும். தேய்த்துக்கொள்வதனால் அதற்கு ஸ்கிரேப்பி என்று பெயர். நோயுற்ற ஆட்டின் மூளையை மெல்லிய தகடாகச் சீவி நுண்காட்டியில் வைத்துப் பார்த்தால் கடற்பஞ்சு போல் துளை துளையாக இருக்கும். பிரான்சில் குயியே, ஷெல் என்னும் இரு கால்நடை மருத்துவர்கள் 1936-இல், நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆட்டுக்குள் செலுத்தி, ஓராண்டுக்கும் மேலாகப் பொறுமையோடு காத்திருந்து, இது தொற்றும் நோய் என்று நிலைநாட்டினார்கள். 1939-இல் வெள்ளாட்டுக்கும் இது பற்றும் என்று காட்டினார்கள். காத்திருக்கும் பொறுமை இல்லாத யாராவது அந்தச் சோதனையைச் செய்திருந்தால், தொற்றாது என்று ஆறு மாதத்தில் எழுதி முடித்திருப்பார்கள்! நம் நாட்டிலும் இமயமலை அடிவாரத்துச் செம்மறியாடுகளில் இந்நோயைக் கண்டதாக 1961-இல் ஸ்லாட்னிக், கட்டியார் ஆகிய இருவர் எழுதியிருக்கிறார்கள்.

தொற்றுவது எது? வைரஸ் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 1982-இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புரூசினர், இது வைரஸும் அன்று, பாக்டீரியாவும் அன்று, வெறும் புரதம் என்று கூறி அதற்குப் பிரியான் என்று பெயரிட்டார். பலர் நகைத்தனர். 1997-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கூறியதன் சாரம் இதுதான். ஆட்டின் நரம்பணுக்களில் இயல்பாகவே ஒரு புரதம் இருக்கிறது. அது தன் மடிப்பு மாறித் தாறுமாறாகச் சுருண்டுவிட்டால், பக்கத்திலிருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே சுருட்டிவிடுகிறது. இப்படியே ஒன்று பலவாகி மூளையில் படிகிறது. சொந்தப் புரதமே ஆனதால் உடல் அதைப் பகையாக நினைப்பதில்லை, எதிர்ப்பொருளும் உண்டாவதில்லை. அதற்கென்று தனி மரபுப் பொருளும் கிடையாது. இரத்தத் துளியை எடுத்து எதிர்ப்பொருளைத் தேடும் வழி இங்கே அடைபட்டுப் போகிறது.

ஆடு மேய்ப்பவரின் கவலையாக இருந்த இது, 1986-இல் பிரிட்டனில் மாடுகளுக்குப் பித்துப் பிடித்தபோது நாட்டின் கவலையாயிற்று. அந்த மாட்டு நோய் உணவின் வழியே மனிதருக்கும் வந்திருக்கக்கூடும் என்று 1996 மார்ச்சில் அந்நாட்டு அரசு அறிவித்தபின் உலகத்தின் கவலையாயிற்று. இறைச்சிக் கூடத்தில் வெட்டப்படும் ஒவ்வொரு மாட்டின் மூளையையும் நுண்காட்டியில் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தகடு சீவிச் சாயமேற்றிப் பார்ப்பதற்கு நாட்கள் பலவாகும், இறைச்சியோ காத்திராது. ஒரே நாளில் விடை சொல்லும் சோதனை வேண்டியதாயிற்று. விரைவுச் சோதனைகள் இவ்வாறுதான் பிறந்தன.

அவற்றின் தந்திரம் எளிது, அழகானது. நல்ல புரதத்தையும் கெட்ட புரதத்தையும் உருப்படியாகப் பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. புரதத்தைச் செரிக்கும் நொதியைச் சேர்த்தால் நல்ல புரதம் கரைந்துபோகும். சுருண்ட புரதத்தின் உள்ளீடு கரையாமல் நிற்கும். ஆகையால் இறந்த ஆட்டின் முகுளத்திலிருந்து, அதாவது மூளை தண்டுவடமாக மாறும் இடத்திலிருந்து, சிறு துண்டு எடுத்து அரைக்கிறார்கள், நொதியைச் சேர்க்கிறார்கள், எஞ்சியிருப்பதைப் பற்றிக்கொண்டு நிறம் காட்டும் பொருளைச் சேர்க்கிறார்கள். நிறம் வந்தால் ஐயம், வராவிட்டால் விடுதலை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். நொதி குறைந்தால் நல்ல புரதமும் கரையாமல் நின்று பொய்க் கூச்சல் எழுப்பும். நொதி மிகுந்தால் கெட்ட புரதத்திலேயே சற்று மெலிந்த வகை கரைந்து, குற்றவாளி தப்பித்துவிடுவான். சோதனைக்கு இரண்டு கடமைகள் உள்ளன: நோயுள்ளதைப் பிடிக்க வேண்டும், நோயற்றதை விடுவிக்க வேண்டும். ஒன்றை இறுக்கினால் பெரும்பாலும் மற்றொன்று தளரும். ஆகவே எந்தச் சோதனையைப் பற்றியும் “எவ்வளவு சரி?” என்று ஒரே எண்ணைக் கேட்பது போதாது, பிடிக்கும் திறன் எவ்வளவு, விடுவிக்கும் திறன் எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கேட்க வேண்டும்.

1999-இல் ஐரோப்பியக் குழு நான்கு விரைவுச் சோதனைகளைத் தேர்வுக்கு வைத்தது. பித்து நோயால் பாதிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாடுகள் 300. நோயே இல்லாத நியூசிலாந்து நாட்டு மாடுகள் 1,000. எது எந்த மாட்டின் மூளை என்பது சோதிப்பவர்களுக்குத் தெரியாது. நான்கில் மூன்று சோதனைகள் ஒரு பிழையும் செய்யவில்லை. நூற்றுக்கு நூறு! நான்காவது சோதனை ஏறத்தாழப் பத்துக்கு மூன்றைத் தவறவிட்டது.

நூற்றுக்கு நூறு என்று கேட்டவுடன் நமக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. தேர்வில் அந்த எண்ணைக் காணாதவர்களுக்கு இன்னும் சற்று அதிகமாகவே பொங்கும். ஆனால் புள்ளியியல் கற்பவர் ஒருவர் இதைக் கேட்டால் உடனே ஒரு சிறு கணக்குப் போடுவார். 300 தடவையில் ஒன்றும் தவறவில்லை என்றால், 3-ஐ 300-ஆல் வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்று வருகிறது. உண்மையில் நூற்றுக்கு ஒன்று வரையில் தவறக்கூடிய சோதனையும், நற்பேற்றினால் இந்தத் தேர்வில் ஒரு பிழையும் இன்றித் தேறியிருக்கலாம் என்பது இதன் பொருள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த 300 மாடுகளும் நோய் முற்றி வெளிப்படையாகத் தள்ளாடியவை. நோய் மூளையை எட்டிப் பார்க்கத் தொடங்கிய மாட்டிடம் அதே சோதனை என்ன சொல்லும் என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் பேசவில்லை. மூன்றாவதாக, அவை மாடுகள், ஆடுகள் அல்ல.

ஆட்டில் கதை வேறு. மாட்டின் பித்து நோயில் சுருண்ட புரதம் பெரும்பாலும் ஒரே வகையாய், மூளையில் ஒரே ஒழுங்கில் படிகிறது. ஆட்டு நோயிலோ வகைகள் பல. இதை முதலில் உணர்த்தியது வெள்ளாடுதான். பிரிட்டனில் 1950-களிலும் 60-களிலும் பாட்டிசன் என்பவர் வெள்ளாடுகளுக்கு ஸ்கிரேப்பியைப் புகட்டிப் பார்த்தபோது, சில ஆடுகள் இடையறாது சொறிந்துகொண்டன. சில ஆடுகள் சொறியாமலே தூங்கி வழிந்தன. சொறியும் ஆட்டின் மூளையிலிருந்து அடுத்த ஆட்டுக்குக் கொடுத்தால் அதுவும் சொறிந்தது. தூங்கும் ஆட்டிலிருந்து கொடுத்தால் அதுவும் தூங்கியது. நோய்க்குள்ளேயே குலங்கள் உண்டு என்பது அப்போது தெரிந்தது.

ஐரோப்பாவில் 2002 முதல் ஆடுகளையும் விரைவுச் சோதனைக்கு உட்படுத்தத் தொடங்கினார்கள். அதன்பின் ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஒரு வியப்பான நிலை ஏற்பட்டது. சில செம்மறியாடுகளில் ஒரு நிறுவனத்தின் விரைவுச் சோதனை “நோய் உண்டு” என்றது. வேறொரு விரைவுச் சோதனை “இல்லை” என்றது. பெரிய நீதிமன்றம் போல் இருந்த உறுதிச் சோதனையும் பலவற்றில் “இல்லை” என்றது. யாரை நம்புவது? விரைவுச் சோதனை பொய்க் கூச்சல் போட்டது என்று தள்ளிவிடுவதுதான் இயல்பு. அப்படித் தள்ளிவிடாமல் சிலர் மேலும் துருவினார்கள். நார்வே நாட்டில் 1998-இல் சில ஆடுகளில் கண்ட ஒரு புதுவகை ஸ்கிரேப்பியின் சாயல் இதில் தென்பட்டது. அந்த வகையில் சுருண்ட புரதம் முகுளத்தில் மிகக் குறைவாகவும் சிறுமூளையில் மிகுதியாகவும் படிகிறது; நொதிக்கும் எளிதில் இரையாகிவிடுகிறது. வழக்கமான இடத்தில் துண்டெடுத்து, வழக்கமான அளவில் நொதியைப் போட்டவர்களுக்கு அது அகப்படவில்லை. ஆட்டின் புரதத்தைத் தம் உடலில் உண்டாக்கும்படி மரபு மாற்றிய எலிகளுக்கு அந்த மூளைகளைக் கொடுத்தபோது, எலிகள் நோயுற்றன. பொய்யன் என்று பழிக்கப்படவிருந்த சோதனை உண்மை பேசியிருந்தது. உண்மையின் அளவுகோலாக வைத்திருந்த சோதனைதான் தவறியிருந்தது. இந்த வகை பின்னர் வெள்ளாட்டிலும் காணப்பட்டது.

எந்தச் சோதனையின் திறனையும் மற்றொரு சோதனையோடு ஒப்பிட்டே அளக்கிறோம். அளக்கும் கோலே குட்டையாக இருந்தால் நெட்டையானவனும் தவறாகவே தோன்றுவான். எலிகளைக் கொண்டு அளப்பதுதான் கடைசிக் கோல் என்றால், அதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகிறது. 2002-இல் பிரான்சில் வெட்டப்பட்ட ஒரு வெள்ளாட்டின் மூளை விரைவுச் சோதனையில் பிடிபட்டது. அது ஸ்கிரேப்பியா, மாட்டிலிருந்து வந்த பித்து நோயா என்று தீர்ப்புச் சொல்ல 2005 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாட்டு நோய் என்பதே தீர்ப்பு. பிரிட்டனில் 1990-இல் ஸ்கிரேப்பி என்று எழுதி வைத்திருந்த வேறொரு வெள்ளாட்டின் திசுவைப் பின்னாளில் மீண்டும் ஆராய்ந்து, 2011-இல் அதுவும் மாட்டு நோயே என்று கண்டார்கள். விரைவுச் சோதனை “பிரியான் உண்டு” என்று சொல்ல வல்லது. “எந்தப் பிரியான்” என்று சொல்ல வல்லதன்று. மனிதரைத் தொடுவது அவற்றுள் எது என்பதுதானே நமக்கு வேண்டியது?

இனி ஒரு கணக்கு. காகிதமும் பென்சிலும் கையிலிருப்பவர்கள் கூடவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் கற்பனை. அவற்றின் போக்கு மட்டும் மெய். ஒரு சோதனை, நோயுள்ள பத்து ஆடுகளில் ஒன்பதைப் பிடிக்கிறது. நலமுள்ள ஆயிரம் ஆடுகளில் ஒன்றை மட்டும் தவறாகக் குற்றஞ்சாட்டுகிறது. மிக நல்ல சோதனை என்றே சொல்வோம். ஒரு நாட்டில் 1,00,000 ஆடுகளைச் சோதிக்கிறோம். அவற்றில் நோயுள்ளவை பத்தே பத்து. ஒன்பது பிடிபடும், ஒன்று தப்பும். மீதியுள்ள 99,990 நல்ல ஆடுகளில் ஏறத்தாழ நூறு ஆடுகள் குற்றஞ்சாட்டப்படும். ஆக மொத்தம் 109 ஆடுகள் கூண்டில் நிற்கின்றன. அவற்றில் உண்மையான நோயாளிகள் ஒன்பது. பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. அதே சோதனையை, நோய் புகுந்த ஒரு மந்தைக்கு எடுத்துச் செல்லுங்கள். நூறு ஆடுகளில் இருபதுக்கு நோய். பதினெட்டு பிடிபடும், எண்பது நல்ல ஆடுகளில் ஒன்றுகூடப் பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்படாது. சோதனை ஒன்றே, கருவியும் ஒன்றே. முதல் இடத்தில் அதன் சொல் பன்னிரண்டுக்குப் பதினொன்று பொய். இரண்டாம் இடத்தில் ஏறக்குறைய முழுதும் மெய். மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இந்த இடத்தில் வழுக்கி விழுவதைக் கண்டிருக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதனால்தான் விரைவுச் சோதனையின் “உண்டு” என்ற சொல்லைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் ஐயமாக மட்டும் கொண்டு, வேறு முறையில் மறுபடி சோதிக்கிறார்கள். இரண்டாவது சோதனையும் ஆயிரத்துக்கு ஒன்றே தவறினால் அந்த நூறு பொய்க் குற்றச்சாட்டுகளும் அநேகமாக மறைந்துவிடும். ஆனால் இரண்டும் தனித்தனியே தவற வேண்டும் என்பது இக்கணக்கின் அடிப்படை. மூளைத் துண்டில் சீட்டு மாறிப் போயிருந்தால் எத்தனை சோதனை செய்தாலும் அத்தனையும் ஒன்றாகவே தவறும்.

தவறு யார் தலையில் விழுகிறது? சைப்பிரஸ் தீவில் வெள்ளாடுகளிடையே ஸ்கிரேப்பி மிகுந்திருந்தது. ஐரோப்பிய விதிப்படி ஒரு மந்தையில் நோய் உறுதிப்பட்டால், செம்மறியாடுகளில் மரபு வகை பார்த்து நோயை எதிர்க்கும் ஆடுகளை விட்டுவிடலாம். வெள்ளாடுகளுக்கு அந்தச் சலுகை நெடுங்காலம் இல்லை. பால் கறந்து பிழைக்கும் ஒருவன் நோயற்ற ஆடுகளையும் சேர்த்து மந்தையோடு இழக்க நேரும். பிரியான் புரதச் சங்கிலியில் 146-ஆம் இடத்திலோ 222-ஆம் இடத்திலோ ஓர் அமினோ அமிலம் மாறியுள்ள வெள்ளாடுகளை ஸ்கிரேப்பி எளிதில் பற்றுவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியபின், 2020-இல்தான் அவற்றை விலக்கி வைக்க விதி திருத்தப்பட்டது. ஒரு சோதனையின் பொய்யான “உண்டு” ஒரு குடும்பத்தின் கொட்டகையைக் காலியாக்கும்; பொய்யான “இல்லை” பக்கத்து ஊர்க் கொட்டகைகளுக்கெல்லாம் நோயை அனுப்பும். எந்தப் பிழையை அதிகம் அஞ்சுவது என்பதை ஆய்வுக்கூடம் மட்டும் முடிவு செய்ய முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். மாட்டுப் பித்து நோய் இந்தியாவில் காணப்பட்டதில்லை. 2010-இல் உலக விலங்கு நல அமைப்பு, அந்த நோய்க்கான அபாயம் புறக்கணிக்கத்தக்க நாடுகளின் பட்டியலில் இந்தியாவைச் சேர்த்தது. அப்படியானால் சமயபுரம் சந்தை ஆடுகளை எல்லாம் விரைவுச் சோதனைக்கு அனுப்பினால் நமக்கு எது கிடைக்கும்? நோய் அரிதான இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் பொய்க் கூச்சலே என்பதைக் கணக்கில் பார்த்தோம். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. ஸ்கிரேப்பி புகுந்த ஆட்டில் குறி தோன்ற ஈராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஆகலாம்; மூளையில் புரதம் படிவதும் அந்தக் காலத்தின் பிற்பகுதியிலேதான். ஐரோப்பாவில் பதினெட்டு மாதத்துக்கு மேற்பட்ட ஆடுகளையே சோதிக்கிறார்கள். நம் சந்தையில் கறிக்கு விற்கும் கிடாக்களில் பெரும்பாலானவை அந்த வயதை எட்டுவதே இல்லை. நூறாயிரம் இளங்கிடாக்களின் மூளையைச் சோதித்து, அத்தனையிலும் “இல்லை” என்று வந்தாலும், அது நோய் இல்லாமைக்குச் சான்று ஆகாது. வயது போதாமைக்கே சான்று.

எனவே தேட வேண்டியது பலவற்றை அன்று, தக்க சிலவற்றை. ஈராண்டைத் தாண்டிய தாயாடு தள்ளாடுகிறது, காரணமின்றி மெலிகிறது, சுவரில் உரசிக்கொண்டே இருக்கிறது என்றால் அதுதான் நமக்கு வேண்டிய ஆடு. அப்போதும் முதலில் நினைக்க வேண்டியது பிரியானை அன்று. நம் நாட்டில் ஆடு தள்ளாடினால் வெறிநாய் கடித்ததா என்றே முதலில் கேட்க வேண்டும். அந்த ஐயம் நீங்குவதற்குள் தலையைத் திறப்பது உயிருக்கே ஆபத்து. பழக்கமில்லாதவர் தொடவே கூடாது. மூளையில் நீர்க்கட்டிப் புழு இருந்தாலும் ஆடு வட்டமிடும். தசைவாத நோயில் விறைக்கும். இவை எல்லாம் இல்லை என்று தெளிந்த மூளையே பிரியான் சோதனைக்கு ஏற்றது.

மூளையைக் காப்பதிலும் நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கும். சித்திரை மாதத்தில் காலையில் இறந்த ஆட்டின் மூளை மாலைக்குள் குழம்பாகிவிடக்கூடும். சுருண்ட புரதம் அழுகலைத் தாங்கும். ஆனால் குழம்பிய மூளையில் முகுளம் எது, சிறுமூளை எது என்று இடம் தெரியாமல் போகும். இடம் தெரியாத துண்டு “இல்லை” என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. ஆதலால் பயின்ற மருத்துவர், முகுளத்தையும் சிறுமூளையையும் சேர்த்து விரைவில் எடுத்து, ஒரு பாதியைப் பனிக்கட்டியில் வைக்கிறார். அது விரைவுச் சோதனைக்கு. மறுபாதியை ஃபார்மலினில் இடுகிறார், அது நுண்காட்டிக்கு. பெட்டியை மூடுமுன் ஆட்டின் வயது, இறந்த நேரம், கண்ட குறிகள், எடுத்த இடம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்கிறார். அந்தச் சீட்டு இல்லாமல் வரும் மூளைக்கும் கருவி ஒரு விடையைச் சொல்லிவிடும். அந்த விடை எந்த ஆட்டுக்குப் பொருந்தும், எந்த வயதுக்குப் பொருந்தும் என்று ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் கேட்டால், பதில் சொல்வதற்கு அந்த ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தவர் வேண்டும்.